பிரயாணத்தில் பெரியோர் உடல்நலம்

தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் நம் குடும்பங்களில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கிச் செல்லாத வீடு அரிது. மருமகளின் பிரசவம், பேரப்பிள்ளையின் காதணி விழா, கோடை விடுமுறை என்று ஏதேனும் ஒரு காரணம் அவர்களை அழைத்து வருகிறது. ஊறுகாய் ஜாடியும் முறுக்கு டப்பாவும் ஒரு கையிலிருக்க, மறு கையில் சிறு துணிப்பை ஒன்றும் வரும். அதற்குள் இருப்பவை மாத்திரைகள். ஊறுகாயை உடனே திறந்து பார்க்கும் நாம், அந்தத் துணிப்பையைத் திறந்து பார்ப்பதில்லை. அதைப் பற்றியே சில சொற்கள் எழுதத் துணிந்தேன்.

நான் வைத்தியன் அல்லேன், ரயில்வேயில் குமாஸ்தா. நாகபுரியில் பணி. சென்னைக்கும் டில்லிக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் இருப்புப்பாதையில் எங்கள் ஊர் நடுவில் அமைந்துள்ளது. ஆகவே, தெற்கிலிருந்து வரும் முதியோர் ஓர் இரவையும் அரைப்பகலையும் வண்டியில் கழித்தபின் எந்நிலையில் இருப்பர் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும் பிறரைக் கண்டதால் எனக்கு அறிவு வரவில்லை. என் தந்தையார் வந்திறங்கிய நாளில்தான் வந்தது.

தந்தையார் வந்த நாள்

2023-ஆம் ஆண்டு மே மாதம். தந்தையாருக்கு அப்போது வயது 71. முதல்நாள் இரவு சென்னையில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் நாகபுரியில் இறங்கினார். வெயில் 45 பாகையை எட்டியிருந்தது. அந்த வெயிலிலும் இடக்கையைத் துண்டால் போர்த்தியிருந்தார். “என்ன அப்பா?” என்றேன். “ஒன்றுமில்லை, தம்பி, லேசான சிராய்ப்பு” என்றார். துண்டை விலக்கினேன். முழங்கைக்குக் கீழே தோல் நான்கு விரற்கடை அளவு கிழிந்திருந்தது. அதன்மேல் யாரோ காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். தூளையும் மீறி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

நடந்தது பின்னரே தெரிந்தது. சந்திரப்பூரைக் கடந்தபின் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்கிறார். கண் இருட்டியது; விழுந்தார்; இரும்புச் சட்டத்தில் கை உரசியது. உடன் வந்தோர் டிக்கெட் பரிசோதகரை அழைக்க முற்பட்டபோது, “எதற்குத் தொந்தரவு? மகன் ரயில்வேயில்தான் இருக்கிறான், பார்த்துக்கொள்வான்” என்று தடுத்துவிட்டாராம்.

மகன் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்கிறேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்பது. தந்தையார் தமிழில், “காலையில் வெள்ளை இரண்டு, இரவில் மஞ்சள் ஒன்று” என்றார். அதை இந்தியில் பெயர்த்துச் சொன்னேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய எனக்கு, என் தந்தையார் தினந்தோறும் உண்ணும் மருந்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. அன்று அடைந்த வெட்கம் இன்றும் நீங்கவில்லை.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

துணிப்பையைக் கொண்டுவந்து கொட்டியபோது காரணம் வெளிப்பட்டது. 2022-இல் எங்களோடு நான்கு மாதம் தங்கியிருந்தபோது, இங்குள்ள மருத்துவர் இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பியபின் தலைவலிக்காக அங்குள்ள மருத்துவரிடம் சென்ற தந்தையார், பழைய சீட்டைக் காட்டவில்லை. அவரும் ஒரு மாத்திரை எழுதினார். இரண்டின் மேலட்டையிலும் வெவ்வேறு கம்பெனிப் பெயர்கள்; உள்ளிருந்த மருந்தோ ஒன்றே, அம்லோடிபின். பல மாதங்களாக இரண்டையும் உண்டு வந்திருக்கிறார். இரட்டிப்பு மருந்தோடு பிரயாணத்தில் தண்ணீர் குடியாமையும் சேரவே, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றியது என்றார் மருத்துவர்.

நம்மவர் குடும்பங்களில் இது எளிதில் நேரக்கூடியது. ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று இருக்கும் பெரியோருக்கு ஊருக்கு ஒரு மருத்துவர் உண்டு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஆகையால், மாத்திரை அட்டையில் பெரிய எழுத்திலுள்ள கம்பெனிப் பெயரை விட்டு, அதனோடு அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரைப் படிக்கவேண்டும். இரண்டு அட்டைகளில் அதே பெயர் காணப்பட்டால் உடனே மருத்துவரைக் கேட்கவேண்டும். நாமாக எதையும் நிறுத்திவிடலும் ஆகாது.

இன்னொன்று. மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை, இரத்த அழுத்த மருந்தும் நீர் மாத்திரையும் உண்போர் மருத்துவரைக் கேளாமல் உட்கொண்டால் சிறுநீரகம் கெட இடமுண்டு. தூக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகள் முதியோருக்கு மயக்கமும் தடுமாற்றமும் தரும். புராஸ்டேட் தொல்லையுள்ள ஆடவர்க்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

தண்ணீரும் கூச்சமும்

தந்தையார் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? கழிப்பறைக்குப் போகவேண்டுமே என்பதால். ஆடும் வண்டியில் நடப்பதற்கு அச்சம். உறங்குவோரைத் தாண்டிச் செல்லக் கூச்சம். பெண்மக்களுக்கு இக்கூச்சம் இன்னும் அதிகம். சிலர் அன்றைய நீர் மாத்திரையையே விட்டுவிடுவர். இருதயம் பலவீனமானவர் அவ்வாறு விடுவது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடும். பிரயாண நாளில் அம்மாத்திரையை எந்நேரத்தில் உண்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் இச்சங்கடம் தீரும். தண்ணீரை அளவோடு குடிக்கும்படி சொல்லப்பட்ட இருதய, சிறுநீரக நோயாளர் தவிர மற்றையோர், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடித்துவரவேண்டும்.

கழிப்பறைக்கு அருகான கீழ்ப்படுக்கை கிடைத்தால் பாதிக் கவலை ஒழியும். 60 வயது நிறைந்த ஆடவரும் 45 வயது நிறைந்த பெண்டிரும் தனியாகவோ இருவராகவோ பிரயாணம் செய்கையில், கீழ்ப்படுக்கைக்கென ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகக் குறிப்பிடுதல் அவசியம். பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேருக்கு ஒரே சீட்டாக எடுத்தால் இச்சலுகை கிட்டாது போகும்.

படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் இருந்து, பிறகே நிற்கவேண்டும். நெடுநேரம் உட்கார்ந்திருப்போர் மணிக்கொரு முறை கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது நலம். இரு பாதமும் சிறிது வீங்குவது வழக்கமே. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், பிரயாணம் முடிந்த சில நாட்களில் திடீரென மூச்சு வாங்கினாலும், காலில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சர்க்கரை நோயாளர்

வண்டி தாமதமாவது நான் அறியாததல்ல. சாப்பாடு பல்லார்ஷாவில் வரும் என்றெண்ணி இன்சுலினையோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ முன்னதாகவே எடுத்துக்கொண்டால், வண்டி வழியில் நின்றுவிட்ட வேளையில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்கவேண்டும். தெளிந்தபின் ஏதேனும் உண்ணச் செய்யவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆகவே, உணவு கைக்கு வந்தபின் மருந்து என்பதே பிரயாணத்திற்கு ஏற்ற முறை. கட்டுச்சோறு கட்டிய நம் பாட்டிமார் வழக்கம் இங்கே பெரிதும் உதவும்.

உபயோகத்திலுள்ள இன்சுலின் குப்பியைக் கடும் வெப்பம் படாமல் வெளியே வைத்து ஏறக்குறைய நான்கு வாரம் பயன்படுத்தலாம். சன்னலோர வெயிலில் வைக்கலாகாது. கோடையில் ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவில் வைக்கலாம். பனிக்கட்டியோடு நேராகச் சேர்த்து வைத்து உறைந்துவிட்டால் அது பயன்படாது.

சிறு காயங்கள்

தந்தையார் புண்ணிலிருந்த காப்பித்தூளைக் கழுவி எடுக்க நர்ஸம்மாளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டா. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம், இடையில் எடுத்துப் பாராமல், அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான இரத்தப்போக்கு நிற்கும். இருதயத்திற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் உண்போர்க்கு நிற்க நேரம் பிடிக்கும். தந்தையாரும் ஆஸ்பிரின் உண்பவரே. இத்தகையோர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். முதியோர் தோல் மெல்லியது. கிழிந்த தோலை வெட்டாமல் மெதுவாகப் பழைய இடத்தில் படியவைத்து, ஒட்டாத துணியால் மூடவேண்டும். பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டினால் எடுக்கும்போது தோலும் உடன் வரும்.

சூடான தேநீர் கொட்டிவிட்டால் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிஷம் காட்டவேண்டும். நெய்யோ பற்பசையோ தடவலாகாது. வயிற்றுப்போக்கு நேர்ந்தால் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கரைத்துக் கொடுக்கலாம். அது இல்லையேல், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் போதும். மார்வலியும் வியர்வையும் வந்தால் மட்டும், வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்துக் காலம் போக்கலாகாது.

வண்டியில் கிடைக்கும் உதவி

வண்டியில் முதலுதவிப் பெட்டி உண்டு. டிக்கெட் பரிசோதகரிடமோ, 139 என்ற தொலைபேசி எண்ணிலோ தெரிவித்தால், அடுத்து நிற்கும் பெரிய நிலையத்திற்கு மருத்துவரை வரவழைக்க ஏற்பாடு செய்வர். வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சொல்லவேண்டும். இதைக் கேட்பது யாருக்கும் தொந்தரவு அன்று. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பெற்றோரிடம் வண்டியேற்றும்போதே சொல்லிவைத்தல் நம் கடமை.

ஜேபியில் ஒரு காகிதம்

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. அரைத்தாள் காகிதத்தில் தந்தையாரின் பெயர், வயது, நோய்கள், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரும் அளவும் நேரமும், ஒவ்வாத மருந்து, என் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, அடியில் தமிழிலும் எழுதிவிட்டேன். இந்தியும் தெலுங்கும் அறியாத பெரியவர், எந்த ஊரில் எந்த மருத்துவர் முன் நின்றாலும், அக்காகிதம் அவருக்காகப் பேசும். அது பெட்டிக்குள் அன்று, சட்டை ஜேபியில் இருக்கவேண்டும். அம்மையார் எனில் கைப்பையில். மாத்திரைகளும் அவ்வாறே கைப்பையில், பிரயாண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்திற்கு அதிகமாக, அவற்றின் அட்டையோடு இருத்தல் நலம்.

2024-இல் தந்தையார் மறுபடி வந்தார். வண்டி வந்து நின்றதும் நான் பெட்டியை வாங்கினேன். அவரோ ஜேபியைத் தொட்டுக் காட்டி, “காகிதம் இருக்கிறது, தம்பி” என்றார். பின்பு காலித் தண்ணீர்ப் புட்டிகள் மூன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

பெரியோர் தம் வலியை நம்மிடம் மறைப்பது நம்மீதுள்ள அன்பினால். அவர்களாகச் சொல்லுவார்கள் என்று காத்திராமல் நாமாகக் கேட்பதே முறை. அன்பர்கள் இந்த வாரம் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகையில், சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி அதிலுள்ள பெயரையும் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து அவர்கட்குத் தெரியாவிடில் அண்டைவீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் முன்னமே கிடைத்திருந்தால், தந்தையார் கையில் இன்றும் தெரியும் அந்தத் தழும்பு இராது.