கடற்கரை ஊர்கள் – 9: மத்தி வரும் நேரமே வேலை நேரம்

சென்ற வாரம் கொங்கார்னோவின் கோட்டைச் சுவருக்குள் சுற்றினோம். அங்கிருந்து வடமேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் துவார்னெனே. பிரான்ஸின் பிரெத்தாஞ் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில், அகன்ற விரிகுடா ஒன்றின் தென்கரையில் இருக்கும் மீனவ ஊர். வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே ரோஸ்மர் துறைக்கு இறங்கிவிடுகிறார்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் வண்ணம் பூசிய வீடுகள், வாசலில் நாற்காலி போட்ட காப்பிக் கடைகள், கட்டிக்கிடக்கும் படகுகள் என்று கண்ணுக்கு நிறைவான இடம்தான். ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள, துறையை விட்டு மேலே ஏறும் செங்குத்தான சந்துகளில் நடக்க வேண்டும். அங்கேதான் மத்தி மீன் ஆலைகள் வரிசையாக இருந்தன. பல கட்டடங்கள் இன்று குடியிருப்புகளாகிவிட்டன. 'மத்தி வழி' என்று பெயரிட்டு, ஆலைகள் நின்ற இடங்களில் பழைய படங்களோடு பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் துறைக்குக் கிழக்கே ப்ளொமார் என்ற சரிவுக்கு ஒரு நடை போய்வரலாம். மரங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி, சுண்ணாம்புக் காரை பூசிய சதுரத் தொட்டிகள் கிடக்கின்றன. ரோமானியர் காலத்தவை. மீனையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, மாதக்கணக்கில் ஊறவிட்டு, வடியும் சாற்றைச் சமையலுக்கு விற்றார்கள். கி.பி. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் இது பெரிய தொழிலாக நடந்திருக்கிறது. மீன் கெடுவதற்குள் அதை வேறொன்றாக மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் அன்றே இந்தக் கரையில் தொடங்கிவிட்டது.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் மத்தியை உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கி, எண்ணெய் வடிய அழுத்தி அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகர டப்பா வந்தது. கொதிக்கவைத்து மூடினால் உணவு கெடாது என்பதை நிக்கோலா அப்பேர் கண்டுபிடித்து 1810இல் நூலாக வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது கண்ணாடிக் கலம். அதைத் தகரத்துக்கு மாற்றி, எண்ணெயில் மத்தியை அடைக்கும் தொழில் நாந்த் நகரத்திலிருந்து இந்தக் கரையெங்கும் பரவியது. துவார்னெனேயில் ஷான்செரெல் குடும்பத்தின் நிறுவனம் 1853இல் தொடங்கியது. இன்றும் இயங்குகிறது.

கடலில் ஆண்கள் செய்த வேலை கடினமானது, செலவும் பிடித்தது. நார்வேயிலிருந்து வரவழைத்த காட் மீன் முட்டையைக் கடலில் தூவித்தான் மத்தியை மேலே வரவழைக்க முடியும். பருத்தி நூலில் பின்னிய மெல்லிய வலைக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீரில் கண்ணுக்குத் தெரியக் கூடாதே! இதெல்லாம் அருங்காட்சியகத்தில் அழகாகச் சொல்லப்படுகிறது. போர்-ரு கழிமுகத்தில் பழைய படகுகளை நீரிலேயே மிதக்கவிட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். எனக்கு என்னவோ, படகு கரை சேர்ந்த பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் பெரிய கதை.

பனிக்கட்டி கிடையாது. மத்தியோ கொழுப்பு மிகுந்த மீன், சில மணி நேரத்தில் கெட்டுவிடும். படகு எப்போது வருகிறதோ அப்போதே ஆலை ஓட வேண்டும். ஆள் அனுப்பித் தெருத்தெருவாகக் குரல் கொடுப்பார்கள். நடுநிசியானாலும் பெண்கள் எழுந்து, தலையில் வெள்ளைத் துணிக்குல்லாயைக் கட்டிக்கொண்டு, மரச்செருப்பு கல்தெருவில் ஒலிக்க ஓடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மீன் வரத்து மிகுந்த நாட்களில் பகல் முடிந்து இரவு வந்து மறுபகலும் விடிந்துவிடும். தூக்கம் வராமலிருக்கச் சேர்ந்து பாடினார்கள். தேவாலயப் பாட்டு என்றால் முதலாளிக்குச் சம்மதம். ஏழையின் கோபத்தைச் சொல்லும் பாட்டென்றால் தடை.

அந்த வேலையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். இடது கையில் மீன், வலது கையில் சிறு கத்தி. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, அப்படியே ஒரு இழுப்பு: தலையோடு குடலும் சேர்ந்து வந்துவிடும். பிறகு உப்புநீரில் ஊறவைத்து, கழுவி, கம்பித் தட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தி உலர்த்தி, கொதிக்கும் எண்ணெயில் வறுத்து எடுப்பார்கள். வறுத்த மத்தி தொட்டாலே தோலுரியும். அதைத் தோல் கிழியாமல், வால் நீளத்தைக் கத்தரித்து, டப்பாவுக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றியதும் டப்பா ஆண்களிடம் போகும்; மூடியை ஈயத்தால் பற்றவைப்பது அவர்கள் வேலை. அதுதான் தொழில்நுட்பம் தெரிந்த வேலை என்று கூடுதல் கூலி. பெண்கள் செய்ததைத் 'திறன்' என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

முதலில் மணிக்கணக்குக் கூலியே இல்லை. ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்று கணக்கு; எண்ணுவது முதலாளியின் ஆள். 1902 முதல் சில ஆண்டுகள் மத்தி இந்தக் கரைப்பக்கம் வராமல் போக, கடலோடியின் வீட்டில் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் நின்றது. கணவன் பிடித்த மீனுக்கு விலை வைத்ததும், மனைவியின் கைக்குக் கூலி வைத்ததும் ஒரே ஆலைகள்தானே! அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான், 1905இல், பெண்கள் வேலைநிறுத்தம் செய்து மணிக்கணக்குக் கூலியைப் பெற்றார்கள்.

இருபது ஆண்டு கழித்து அந்தக் கூலி மணிக்கு 80 சாந்தீமாக (0.80 பிராங்கு) நின்றிருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அது ஒன்றுமில்லை. 1924 நவம்பரில், டப்பா செய்யும் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களில் மத்தி ஆலைகள் முழுவதற்கும் பரவியது. ஏறத்தாழ 2,000 பேர். நான்கில் மூன்று பங்கு பெண்கள். மணிக்கு 1.25 பிராங்கு வேண்டும் என்று பிரெத்தோன் மொழியில் முழங்கியபடி ஊர்வலம் போனார்கள். கடலோடிகள் துணை நின்றார்கள். மேயர் டேனியல் லெ ஃப்ளான்ஷெக் கம்யூனிஸ்ட். ஊர்வலத்தில் அவரும் நடந்தார். கம்யூனிஸ்ட் மேயரைத் தேர்ந்தெடுத்த முதல் பிரெஞ்சு ஊரும் இதுதான், 1921இல்.

முதலாளிகள் இறங்கிவரவில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். 1925 புத்தாண்டு நாளில், காப்பிக் கடை ஒன்றில் அந்த ஆட்கள் சுட்டதில் மேயரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார். ஆனால் ஊர் கொதித்துப்போய், சுட்டவர்கள் தங்கியிருந்த விடுதியை அடித்து நொறுக்கியது. அதற்குப் பிறகுதான் முதலாளிகள் பேச்சுக்கு வந்தார்கள். 46 நாள் போராட்டம் சனவரி முதல் வாரம் முடிந்தது. பெண்களுக்கு மணிக்கு ஒரு பிராங்கு, கூடுதல் நேரத்துக்கும் நள்ளிரவுக்குப் பிந்தைய வேலைக்கும் கூடுதல் கூலி, போராடியவர் யாரையும் பழிவாங்குவதில்லை என்று ஒப்பந்தம். கேட்ட 1.25 முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் இதை வெற்றி என்றே நான் சொல்வேன். எழுதப் படிக்கவும் பலருக்குத் தெரியாத பெண்கள், குளிர்காலத்தில், கையில் சேமிப்பில்லாமல் நின்று வாங்கிய ஒரு பிராங்கு அது.

அதே ஆண்டு மே மாதம் நகராட்சித் தேர்தல். போராட்டத்தில் நின்ற ஆலைத் தொழிலாளி ஜோசஃபின் பென்காலேயை, கணவனை இழந்து பிள்ளைகளோடு இருந்தவரை, மேயர் தன் பட்டியலில் நிறுத்தினார். பெண்களுக்கு அப்போது பிரான்ஸில் ஓட்டே கிடையாது. ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள், அவர் வென்றார், மன்றத்தில் உட்கார்ந்து பணியும் செய்தார். பெண் என்பதால் இந்தத் தேர்வு செல்லாது என்று நிர்வாகம் வழக்காட, நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1926 சனவரியில் அதை ரத்து செய்தது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரலில். பென்காலே மறைந்தது 1972இல். இடையில் நெடுங்காலம் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. சட்டம் அவரை அழித்ததைவிட, பிறகு வந்தவர்கள் மறந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

2024இல் நூற்றாண்டு வந்தபோது ஊர் அதை விமரிசையாகவே கொண்டாடியது. பிரான்ஸின் பல நகரங்களில் இன்று பெண்கள் ஊர்வலம் போகும்போது இந்த ஆலைப் பெண்களைப் பற்றிய பாட்டைப் பாடுகிறார்கள். துவார்னெனேயில் டப்பா ஆலைகள் இன்னும் ஓடுகின்றன. நல்ல ரகத்தை இன்றும் கையால்தான் அடுக்குகிறார்கள். அந்தக் கைகள் இன்றும் பெரும்பாலும் பெண்களுடையவை. கடையில் அழகிய படம் அச்சிட்ட டப்பாக்களை ஆண்டு குறித்து, பழைய ஒயினைப் போலச் சேர்த்துவைக்கிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். பெட்டியில் படகு உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு, குழாய் புகைக்கும் கிழவர் உண்டு. குல்லாய் கட்டிய பெண்ணும் சிலவற்றில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கையில் கத்தி மட்டும் இல்லாமல்.

அடுத்த வாரம் வடகரைக்குப் போவோம்: ஐஸ்லாந்துக் கடலுக்கு மாதக்கணக்கில் மீன் பிடிக்கப் போனவர்களின் பைம்போல்.