இரும்பின் கவசம்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் மிகுந்த நிலப்பகுதியாகும். அக்கல்லையும் அதனின்று ஆக்கப்பெறும் சிமெண்டையும் சுமந்து லாரிகள் பல அங்கு நாள்தோறும் செல்கின்றன. அதனை அடுத்த பெரம்பலூர் மாவட்டத்தின் ஊடே சென்னை-திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை செல்கின்றது. அம்மாவட்டத்து நாரணமங்கலத்தில் டயர் செய்யும் ஆலையும் உண்டு. சக்கரங்கள் ஓயாது சுழலும் இத்தகைய இடங்களில், சக்கரத்திற்கு இடும் வண்ணப்பூச்சின் பயனையும் முறையையும் அறிதல் நலம் பயக்கும்.

வண்ணம் பூசுவது அழகுக்காகவே என்று பலர் எண்ணுவர். அழகு அதனால் விளையும் சிறு பயனேயாம். நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒருங்கே தீண்டுமாயின் இரும்பு துருவாக மாறும். துரு என்பது மேலே படிந்த அழுக்கன்று. இரும்பே உருமாறிய நிலை. ஆதலின், துருப்பிடித்த அளவிற்கு இரும்பு குறைந்தது என்றே கொள்ளல் வேண்டும். அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரம் இவ்வாறு துருப்பிடியாது. எனினும் நீரும் உப்பும் சேர்ந்து அதனையும் அரிக்கும். இவ்விரண்டிற்கும் கவசமாய் நிற்பது பூச்சே.

பூசுமுன் செய்யத்தக்கது தூய்மை. துருவின்மீதும் எண்ணெய்ப் பசையின்மீதும் இட்ட பூச்சு விரைவில் உரிந்து விழும். ஆகவே, டயரையும் வால்வையும் கழற்றி, பழைய பூச்சையும் துருவையும் நீக்குவர். கூரிய துகள்களைக் காற்றின் விசையால் வீசித் தேய்த்தல் இதற்குரிய சிறந்த வழியாகும்.

பூசும் முறைகள் இரண்டு. தெளிப்பு முறையில், தின்னர் கலந்த வண்ணத்தைக் கம்ப்ரசரின் காற்றால் நுண்துளிகளாக்கித் தெளிப்பர். தின்னர் ஆவியாகிவிட, வண்ணம் இறுகும். அவ்வாவி எளிதில் தீப்பற்றுவது; மூச்சுக்கும் தீங்கு செய்வது. ஆதலின், தெளிப்போர் தக்க முகக்கவசம் அணிதலும், நெருப்பை அகற்றிக் காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிதலும் இன்றியமையாதன.

பவுடர் கோட்டிங் எனப்படும் தூள்பூச்சில் தின்னர் இல்லை. 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பார், சூடேற்றிய பொருளைக் காற்றால் அலைபாயும் பிளாஸ்டிக் தூளில் அமிழ்த்திப் பூசும் முறையைக் கண்டார். மின்னேற்றிய தூளைத் தெளிக்கும் முறை அதன் பின்னர்ப் பரவியது. உலர்ந்த தலைமயிரைச் சீவிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுத்தல் போல, எர்த் செய்யப்பட்ட சக்கரம் மின்னேற்றம் பெற்ற தூளைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். பின்பு, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் வைக்க, தூள் உருகிப் பரவி ஒரே படலமாக இறுகும். ஒட்டாது வீழ்ந்த தூளைத் திரட்டி மீண்டும் பயன்படுத்தலாம். எனினும், வெப்பமும் நேரமும் அளவு கடந்தால் அலுமினியச் சக்கரத்தின் வலிமை குன்றும்.

பூசத் தகாத இடங்களும் உள. சக்கரம் ஹப்போடு பொருந்தும் முகத்தையும் நட்டுகள் அமரும் இடங்களையும் முன்னரே மறைத்துவிடல் வேண்டும். அங்குப் பூச்சு தடித்திருந்தால், வண்டி ஓடுங்கால் அது நசுங்கித் தேய்ந்து, இறுக்கிய நட்டுகள் தளரும். சுமையேற்றிய லாரியின் சக்கரம் ஒன்று கழன்றோடினால், வண்டியில் இருப்போர்க்கும் சாலையோரம் நடப்போர்க்கும் உயிர்க்கேடு நேரலாம். வெடிப்புற்ற சக்கரத்தை வண்ணத்தால் மறைத்து விற்பதும் இத்தகைய கொடுமையே. தூய்மை செய்யுங்கால் வெடிப்பு தென்படின், அச்சக்கரத்தை விலக்குதலே அறம்.

பூச்சு உள்ள வலிமையைக் காக்கும். இல்லாத வலிமையைத் தாராது. இதனை உணர்ந்து பணிபுரியும் தொழிலாளி, தாம் காணாத வழிப்போக்கர் பலருடைய உயிரையும் காப்பவராவார்.