வாடகைக் குடியிருப்பும் குற்றமும்: உடைமை உறவு பற்றிய ஒரு நோக்கு

வாடகைக்குக் குடியிருப்போர் பெருகும் அயலிற் குற்றமும் பெருகும் என்பது நகர வாழ்வில் வேரூன்றிய நம்பிக்கைகளுள் ஒன்று. புள்ளிவிபரங்களும் மேலோட்டமாக நோக்குமிடத்து இதற்குச் சான்று பகர்வன போலத் தோன்றும். ஆயின், இரண்டு தோற்றப்பாடுகள் ஓரிடத்தே சேர்ந்து காணப்படுவதனால் மட்டும் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. இவ்விரண்டையும் இணைக்கும் சமூக உறவு யாது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றது. கிளிபர்ட் ஷோ, ஹென்றி மக்கே ஆகிய இருவரும் 1942இல் வெளியிட்ட நூல், இளையோர் குற்றம் மிகுந்த பகுதிகளிலே வாடகை குறைவாகவும் சொந்த வீடுடையோர் தொகை சிறிதாகவும் இருந்தமையைக் காட்டியது. அதனினும் முக்கியமான உண்மையொன்றும் அதில் உண்டு. ஒரு குடியேறிய இனத்தவர் வெளியேற, வேறோர் இனத்தவர் அங்கு வந்து குடியமர்ந்த பின்னரும் அப்பகுதிகளின் குற்றவீதம் உயர்ந்தே இருந்தது. வெளியேறியோரிடையேயோ அது குறைந்தது. எனவே குற்றம் மக்களின் பிறப்போடு வந்ததன்று; அவர்கள் வாழநேர்ந்த நிலைமைகளோடு பிணைந்தது.

1997இல் றொபேட் சாம்ப்சனும் அவரோடு இணைந்தோரும் அதே நகரின் 343 அயற்பகுதிகளில் 8,782 பேரிடம் தகவல் திரட்டி ஆராய்ந்தனர். அயலவரிடையே நம்பிக்கையும், பொதுநலன் கருதித் தலையிடும் மனப்பாங்கும் உள்ள இடங்களில் வன்முறை குறைந்திருந்தது. இக்கூட்டு வலிமை, மக்கள் நிலையாக வாழுமிடத்து வளர்வதையும், வறுமை செறிந்தவிடத்துத் தேய்வதையும் அவர்கள் கண்டனர்.

அங்ஙனமாயின் நிலையின்மையைத் தோற்றுவிப்போர் யாவர்? வாடகையை உயர்த்துவதும் குடியெழுப்புவதும் வீட்டுச் சொந்தக்காரர் கையில் உள்ளவை. குடியிருப்போருக்கு வீடு பயன்பெறுமதியுடையது. சொந்தக்காரருக்கோ அது பரிவர்த்தனைப் பெறுமதி. அன்றியும், 1934இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதத்தைப் பல்லாண்டுகள் மறுத்து வந்தது. எனவே, சொந்த வீடுடையோர், வாடகையாளர் என்ற பிரிவே இன, வர்க்க ஒடுக்குமுறையின் விளைவாகவும் அமைகின்றது.

மில்வோக்கி நகரின் அனுபவம் இவ்வுறவை நிர்வாணமாகக் காட்டுகின்றது. ஒரு வீட்டிலிருந்து பொலிசாருக்கு அடிக்கடி அழைப்பு விடுக்கப்பட்டால், அதனைத் 'தொல்லை' எனக் கொண்டு சொந்தக்காரருக்கு அறிவித்தல் அனுப்பும் சட்டம் அங்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. மத்தியூ டெஸ்மண்டும் நிக்கோல் வால்டெசும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வறிவித்தல்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று குடும்ப வன்முறை தொடர்பானது. சொந்தக்காரரிற் பெரும்பாலோர் குடியெழுப்பியோ, குடியெழுப்புவதாக அச்சுறுத்தியோ அதற்கு மறுமொழி தந்தனர். அடிபட்ட பெண் பாதுகாப்பை நாடினால் வீட்டை இழப்பாள்; வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டின் வாய் மூடியிருத்தல் வேண்டும். குற்றத்தைத் தடுக்கவென வந்த சட்டம், குற்றத்துக்கு இலக்கானவளையே தண்டித்தது.

எனின், வாடகையாளர் யாவரையும் சொந்தக்காரராக்கினாற் சிக்கல் தீர்ந்துவிடுமா? இவ்வாலோசனையை 1872இலேயே ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது கட்டுரைகளில் மறுத்துரைத்தார். கடன்பட்டுப் பெற்ற சிறு வீடு தொழிலாளியை ஓரிடத்தே கட்டிப்போட்டு, கூலிக் குறைப்பை எதிர்க்கும் அவனது ஆற்றலைக் குன்றச்செய்யும் என்பது அவர் வாதம். எமது நாட்டிலே, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் உடைமை கொள்ளத்தக்க வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டது. குடியிருப்போர் தம் வீட்டை வாங்கவும் வழிசெய்தது. உடைமை உறவு மாற்றவொண்ணாத இயற்கை நியதியன்று என்பதற்கு அது சான்று.

ஆதலின், அயலின் பாதுகாப்பை விரும்புவோர் முதலில் வேண்டிநிற்க வேண்டியது, குடியிருப்போர் அச்சமின்றி நிலைத்து வாழும் உரிமையையே ஆகும். வாடகையாளரைக் குற்றவாளிகளாகக் காணும் பார்வை, அவர்களது நிலையின்மையால் இலாபமடைவோரை எமது கண்களிலிருந்து மறைத்துவிடுகின்றது.