கண்ணளவு போதுமா?

சீனச் சமையல் புத்தகம் ஆசையாய் வாங்கி, "இந்தச் சாமானுக்கு எங்கே போவது?" என்று மூடி வைக்காத சகோதரி உண்டா?

புதுச்சேரிக்காரர்களான எங்களுக்குக் கடல் கடந்த சமையல் புத்தகத்தில் வரவில்லை, கப்பலில் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு உத்தியோகமாய்ப் போன குடும்பங்கள், திரும்பும்போது வியட்நாம் சமையலையும் கொண்டுவந்தன. அதில் பேர்போனது 'நேம்'. அரிசித் தாளை நனைத்து, கொத்துக்கறி, கேரட், வெங்காயம், பாசிப்பயறு மாவுச் சேமியா வைத்துச் சுருட்டிப் பொரிப்பார்கள். தொட்டுக்கொள்ள மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை தலா 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. பூண்டும் மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட வேண்டும்.

எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் ஒரு பாட்டி இதில் கைதேர்ந்தவர். அளவு கேட்டால், "எல்லாம் கண்ணளவுதாம்மா" என்பார். அவர் காலமான பிறகு மகள் செய்து பார்த்தாள். தாள் பிய்ந்து, பூரணமெல்லாம் எண்ணெயில்! கேரட்டின் ஈரத்தைப் பிழிய வேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அன்று அவள் அழுதது பலகாரத்துக்காக மட்டுமா?

லூர்து திருவாஞ்சியம்-லூயி 2012-ல் வெளியிட்ட ஆங்கில நூல் 'தி பாண்டிச்சேரி கிச்சன்' எங்கள் ஊர்ச் சமையலை அச்சில் ஏற்றியது. நல்ல காரியம்!

புத்தகம் வாங்கும்போது அளவும், மாற்றுச் சாமானும், காரணமும் சொல்லியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சோயா சாஸிலும் மீன் சாஸிலும் உப்பு அதிகம். ருசி பார்க்காமல் மேலே உப்புப் போடாதீர்கள். குழந்தைகளுக்குச் சாஸைக் குறையுங்கள்.

அப்படியே ஒரு நோட்டையும் வாங்கி, மாமியாரின் கண்ணளவைக் கரண்டி அளவாக இன்றே எழுதிவிடுங்கள். நாளை உங்கள் மகள் தேடப்போவது அதைத்தான்!