காட்டின் குரலைப் பதிய எந்த ஒலிவாங்கி வாங்கலாம்?

இரவு எட்டு மணிக்கு மேல் தோட்டப்புறங்களில் ‘டொக்... டொக்... டொக்...’ என்று யாரோ மரத்தைத் தட்டுவது போன்ற ஓசையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பக்கி என்னும் இரவுப் பறவையின் குரல் அது. மலாயில் அதற்கு ‘துக்காங் குபூர்’ என்றொரு பெயரும் உண்டு. கல்லறை வெட்டுபவர் என்று பொருள். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். பூச்சி பிடித்துத் தின்னும் சாதுவான பறவை அது.

அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, காதணிபேசி மாட்டிக் கேட்டுப் பாருங்கள். பறவை எங்கோ தூரத்தில் கேட்கும். அதற்கு மேல் ‘உஸ்ஸ்ஸ்...’ என்று, சட்டியில் எண்ணெய் பொரிவது போல ஓர் இரைச்சல். ஒலியைக் கூட்டினால் பறவையோடு இரைச்சலும் சேர்ந்தே கூடும். பலர் இதைக் காற்று என்றோ பூச்சி என்றோ நினைப்பார்கள். பெரும்பாலும் அது தோட்டத்திலிருந்து வந்ததே இல்லை. கைப்பேசியின் ஒலிவாங்கிக்குள்ளேயே பிறந்தது.

ஓர் ‘உஸ்’ஸுக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். சரவாக்கில் கூச்சிங் அருகே உள்ள குபா தேசியப் பூங்காவில் பட்டாணி அளவே ஆன ஒரு தவளை இருக்கிறது. வளர்ந்த ஆண் தவளை 13 மில்லிமீட்டரைத் தாண்டாது. குடுவைச் செடிகளில் முட்டையிடும் இதைக் கண்ணால் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். அரும்பொருளகங்களில் இருந்த மாதிரிகளைக்கூட வேறு தவளைகளின் குஞ்சுகள் என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். இந்திரனீல் தாஸ், அலெக்சாண்டர் ஹாஸ் ஆகிய ஆய்வாளர்கள் மாலை மங்கியதும் அது எழுப்பும் குரலைப் பின்தொடர்ந்து சென்று கண்டுபிடித்தார்கள். குஞ்சுகள் அப்படிக் குரல் எழுப்புவதில்லை. எனவே இவை வளர்ந்த தவளைகள்தாம் என்பது உறுதியானது. 2010-இல் இதைப் புதிய இனமாக அறிவித்தார்கள். (1928-இலேயே பெயரிடப்பட்ட ஓர் இனம்தான் இது என்று பின்னர் தெரிந்து பெயர் மாறியது. அறிவியலில் இது சகஜம்.) காட்டில் பல உயிர்கள் இருப்பதற்கு முதல் சாட்சி அவற்றின் குரல்தான். அந்தக் குரல் மெல்லியதாக இருந்து, கருவியின் இரைச்சல் அதை மூடிவிட்டால், சாட்சி போய்விடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஒலிவாங்கிக்குள் ஒரு மெல்லிய படலம் இருக்கும். ஒலி அலை அதை அசைக்கும். அந்த அசைவு மின்சாரமாக மாறும். ஆனால் ஒலியே இல்லாதபோதும் காற்று மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. நீரில் மிதக்கும் மகரந்தத் துகள்கள் துள்ளுவதற்குக் காரணமான பிரௌனியன் அசைவைப் படித்திருப்பீர்களே, அதே கதைதான். மூலக்கூறுகள் தாறுமாறாக வந்து படலத்தில் மோதிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்றிலும் எலக்ட்ரான்கள் அதேபோல் அலைபாயும். இவ்விரண்டும் சேர்ந்ததே அந்த ‘உஸ்’. இதைத் தன்னிரைச்சல் என்போம்.

தன்னிரைச்சலை ‘டெசிபல்-ஏ’ என்ற அளவில் சொல்வார்கள். மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உணருமோ அதற்கேற்பச் சரிசெய்த டெசிபல் அது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நிறுவனங்கள் வேறொரு அளவுமுறையிலும் எண்ணைப் போடும். ஒரே ஒலிவாங்கிக்கு அந்த எண் பத்து டெசிபல் அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். ‘ஏ’ உள்ள எண்ணை ‘ஏ’ உள்ள எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

பல விளம்பரங்களில் தன்னிரைச்சல் இருக்காது. சமிக்ஞை-இரைச்சல் விகிதம் மட்டும் இருக்கும். கவலை வேண்டாம். அந்த விகிதம் 94 டெசிபல், அதாவது 1 பாஸ்கல் அழுத்தமுள்ள ஒலியை வைத்து அளக்கப்படுகிறது. ஆகவே 94-இலிருந்து விகிதத்தைக் கழித்தால் தன்னிரைச்சல் வந்துவிடும். கைப்பேசிகளில் உள்ள மெம்ஸ் வகைச் சில்லு ஒலிவாங்கிக்கு விகிதம் ஏறக்குறைய 65 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், தன்னிரைச்சல் 29. இரு எண்களையும் எழுதாமல் ‘உயர்தர ஒலி’, ‘24 பிட்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பொருளைத் தாண்டிப் போய்விடுவேன். மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இயற்கை ஒலி பதிவோரிடையே பெயர் பெற்ற இரண்டு சின்ன ஒலியுணர்விகள் உண்டு. ஒன்று ஜப்பானின் பிரிமோ நிறுவனத்தின் இஎம்272. மற்றொன்று பியூஐ ஆடியோவின் ஏஓஎம்-5024எல். இரண்டும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. இரண்டுக்கும் விகிதம் 80 டெசிபல். அப்படியானால் தன்னிரைச்சல் 14. விலை, எதை எங்கே வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, பதின்மங்களில்தான் இருக்கும். தொழில்முறைக் கலைஞர்கள் காட்டுக்கு எடுத்துச் செல்லும் சென்ஹைசர் எம்கேஎச் 20-இன் தன்னிரைச்சல் 10. அதன் விலை பல ஆயிரம் ரிங்கிட். நான்கு டெசிபலுக்கு அவ்வளவு வித்தியாசம்!

14 டெசிபல் எவ்வளவு சின்னது தெரியுமா? அது ஏறத்தாழ 0.0001 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். அதில் நூறு கோடியில் ஒரு பங்கு! ஒரு தட்டு மீ கோரெங் விலையில் கிடைக்கும் பொருள் இதை உணர்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். இவை எலக்ட்ரெட் என்ற வகையைச் சேர்ந்தவை. நிரந்தரமாக மின்னேற்றம் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் 1962-இல் இதை உருவாக்கினார்கள். ஒலிவாங்கி மலிவானதற்கு அவர்கள் வேலையே முக்கியக் காரணம்.

இன்னும் குறைவான இரைச்சல் வேண்டாமா?

ஒலிப்பதிவு அறைக்கான ரோடு என்டி1-ஏ போன்ற பெரிய ஒலிவாங்கிகளின் தன்னிரைச்சல் வெறும் 5. ‘அதையே வாங்கிவிடலாமே, சார்?’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

0 டெசிபலின் ஆற்றலை 1 என்று கொள்ளுங்கள். 30 டெசிபல் என்பது 1000. நீங்கள் நிற்கும் இடத்தின் பின்னணி ஓசை 30 டெசிபல்-ஏ என்று வைப்போம். நம் ஊருக்கு அது நல்ல அமைதி. 29 டெசிபல் தன்னிரைச்சல் உள்ள கைப்பேசி அதோடு சுமார் 800-ஐச் சேர்க்கும். காடு பாதி, கருவி பாதி! 14 டெசிபல் உள்ளது 25-ஐ மட்டும் சேர்க்கும். 5 டெசிபல் உள்ளது 3-ஐச் சேர்க்கும். 1025-க்கும் 1003-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. சில்வண்டுகள் ஒரே குரலில் கத்தும் அந்தி நேரத்தில் கைப்பேசியே போதும். காட்டில் பின்னணி ஓசை எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக இராது என்பதால் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக அமையாது என்பது உண்மைதான். விடியலுக்கு முன் கேமரன் மலையின் பாசிக்காட்டில் நிற்பவருக்கு அந்த மிச்ச டெசிபல்களும் உதவலாம். மற்றபடி, 29-இலிருந்து 14-க்கு இறங்குவது பெரிய லாபம். 14-இலிருந்து 5-க்கு இறங்குவது, நம் தட்பவெப்பத்தில், பெரும்பாலும் காசுக்குக் கேடு. அறைக்குள் பயன்படுத்தச் செய்த பெரிய ஒலிவாங்கிகளில் பல, ஈரக்காற்றில் படபடவென்று பொரியத் தொடங்கும் என்பது தனிக் கதை.

ஒலிவாங்கி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது தரும் மின்னழுத்தத்தைப் பதிவுக் கருவி பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கியும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். பெருக்கியின் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட் என்போம். ஓரளவு நல்ல கருவிதான். இஎம்272-இன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 40 மில்லிவோல்ட். ஆக, 0.0001 பாஸ்கல் அளவுள்ள மெல்லிய ஒலிக்கு அது 4 மைக்ரோவோல்ட் தரும். பெருக்கியின் இரைச்சலைப் போல ஐந்து மடங்கு, தப்பித்தோம். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் ஒலிவாங்கியின் உணர்திறன் சுமார் 2 மில்லிவோல்ட்தான். அதே ஒலிக்கு அது 0.2 மைக்ரோவோல்ட் தரும். பெருக்கியின் இரைச்சலுக்கு அடியில் பறவை புதைந்துவிடும். கோயில் ஒலிபெருக்கிக் கடையில் கிடைத்த ஒலிவாங்கியோடு காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தச் சின்ன ஒலியுணர்விகளை இயக்கச் சில வோல்ட் மின்சாரம் வேண்டும். 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள பல கையடக்கப் பதிவுக் கருவிகள் அதை அந்தத் துளை வழியாகவே தரும். வாங்குமுன் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றவைக்கத் தெரிந்தவர் கவசமுள்ள கம்பியில் இரண்டு உணர்விகளை இணைத்து இடம், வலம் என ஸ்டீரியோவாக அமைக்கலாம். உறையோடு தொடர்புள்ள முனையே எதிர்முனை. பற்றவைப்பை இரண்டு மூன்று விநாடிக்குள் முடியுங்கள். சூடு ஏறினால் படலத்தின் மின்னேற்றம் போய்விடும். கைவேலை வேண்டாம் என்பவர்களுக்கு இதே உணர்விகளை வைத்துச் செய்த தயார் ஒலிவாங்கிகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

கையில் காசே இல்லை என்றால்? தூரத்தைக் குறையுங்கள். ஒலி மூலத்துக்கு உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். 40 மீட்டரில் நல்ல ஒலிவாங்கி தருவதை 7 மீட்டரில் வைத்த கைப்பேசி ஏறக்குறைய தந்துவிடும். நீங்கள் ஏழு மீட்டர் நெருங்கினால் தவளை வாயை மூடிக்கொள்ளும் என்பது வேறு. அதனால் கருவியைப் பதிவில் போட்டு, வைத்துவிட்டு, தள்ளிப் போய்க் காத்திருங்கள். கைப்பேசியில் ‘இரைச்சல் நீக்கம்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். மனிதப் பேச்சு அல்லாததெல்லாம் குப்பை என்பது அதன் எண்ணம். சில்வண்டையும் துடைத்து எறிந்துவிடும். கோப்பை வேவ் வடிவில் சேமியுங்கள்.

தன்னிரைச்சலைவிட மோசமான எதிரி காற்று. இலையை அசைக்கும் தென்றலே போதும், ஒலிவாங்கியில் இடி இடிப்பது போல் கேட்கும். தேநீர் வடிகட்டி இரண்டை எதிரெதிரே வைத்துக் கட்டி, நடுவில் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு, பழைய பொம்மைக் கரடியின் ரோமத் துணியைச் சுற்றி மூடிப் பாருங்கள். வலைக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே உள்ள அசையாத காற்றே காப்பாற்றுகிறது. அதனால் வடிகட்டி பெரியதாக இருப்பது நல்லது. அடுத்த எதிரி ஈரம். குளிர்சாதனக் காரிலிருந்து கருவியைச் சட்டென்று வெளியே எடுத்தால், குளிர்பானக் கண்ணாடியில் போலவே அதன் மேலும் நீர் முத்து முத்தாகப் படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இரண்டு ஒலிவாங்கிகளில் எது மேல் என்று வீட்டிலேயே சோதிக்கலாம். நள்ளிரவில் மின்விசிறியை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் சுவர்க்கடிகாரத்தின் ‘டிக் டிக்’கை இரண்டிலும் பதியுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற இலவசச் செயலியில் இரண்டு ‘டிக்’குகளையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் இரு ‘டிக்’குகளுக்கு நடுவே உள்ள ‘உஸ்’ஸை ஒப்பிடுங்கள். உரப்பைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் உணர்திறன் அதிகமுள்ள நல்ல ஒலிவாங்கிதான் கெட்டதாகத் தெரியும்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2005-இல் தொடங்கிய ஸீனோ-காண்டோ போன்ற பறவை ஒலித் தொகுப்புகளில் யார் வேண்டுமானாலும் பதிவைச் சேர்க்கலாம். பள்ளி மாணவரின் பதிவும் ஆய்வாளருக்குப் பயன்படும். ஆனால் ஆற்றோரத்தில் ‘பராவ்-பராவ்’ என்னும் வைக்கோல் நிறத் தலையுள்ள கொண்டைக்குருவியின் பாட்டு கிடைத்தால் மட்டும் இடத்தைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். அந்த அழகிய பாட்டுக்காகவே கூண்டில் அடைக்கப் பிடித்துப் பிடித்து, 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பதிவையும் இடத்தையும் உங்கள் ஆசிரியர் வழியாகப் பறவை ஆய்வாளர்களிடம் கொடுங்கள். சமூக ஊடகத்தில் போட்டால் வலையோடு வருபவரும் கேட்பார்.