சரித்திரம் படித்தவர் வானிலை படித்த கதை

என் சுட்டிகளே, தூதர் என்றால் யார் தெரியுமா? தன் நாட்டுக்காக வெளிநாட்டில் தங்கிப் பேசுகிறவர். அவருக்கும் கரியமில வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிறீர்களா? சபாஷ், நல்ல கேள்வி!

கிரிஸ்பின் டிக்கெல் என்று ஒருவர். இங்கிலாந்துக்காரர், 1930-இல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது சரித்திரம். வேலை வெளியுறவுத் துறையில். 1975-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படிக்க வாய்ப்பு வந்தது. அவர் எடுத்த பாடம் எது? தட்பவெப்பம்! 45 வயதில் வானிலைப் பாடத்தை அடியிலிருந்து ஆரம்பித்தார்.

நாமும் அதில் ஒரு துளி பார்ப்போமா? வெயில் பட்டுப் பூமி சூடாகிறது. அந்தச் சூடு வானத்துக்குத் திரும்பப் போகும். வழியில் கரியமில வாயு கொஞ்சத்தைப் பிடித்துக் கீழே அனுப்பிவிடுகிறது. மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்துகிறீர்களே, அதற்குள் அடுப்பா எரிகிறது? உங்கள் உடம்புச் சூடுதான், வெளியே போகாமல் தங்குகிறது. புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள், காத்திருக்கிறேன்.

கரியமில வாயு பூமிக்கு அப்படி ஒரு கம்பளி. அந்தக் கம்பளியே இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க அந்த வாயு கூடி, கம்பளி தடித்துக்கொண்டே போகிறது. அங்கேதான் சிக்கல்.

1977-இல் டிக்கெல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பூமி சூடாகுமா, குளிருமா என்று விஞ்ஞானிகளே விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு மெக்சிகோவில் தூதர், அப்புறம் ஐ.நா.வில் பிரிட்டனின் பிரதிநிதி. பிரதமர் மார்கரெட் தாட்சரிடமும் விஷயத்தை எடுத்துச் சொன்னார். தாட்சர் வேதியியல் படித்தவர். சட்டென்று பிடித்துக்கொண்டார்!

1988 செப்டம்பர் 27. லண்டனில் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளின் விருந்து. பூமி சூடாவது பற்றித் தாட்சர் பேச வேண்டும். டிவிக்காரர்கள் வருவார்கள், அவர்களுடைய விளக்கு வெளிச்சத்தில் உரையைப் படித்துவிடலாம் என்று நம்பியிருந்தார். ஒருவரும் வரவில்லை! மண்டபமோ மங்கல். கடைசியில் மேசையிலிருந்த மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் கைக்குக் கை மாற்றி அவரிடம் நகர்த்தினார்கள். அந்த வெளிச்சத்தில்தான் படித்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1990-இல் டிக்கெல் ஓய்வு பெற்றார். ஓய்வா அது? ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரிக்குத் தலைவர் ஆனார். சுற்றுச்சூழலைப் பற்றி அரசுக்கு யோசனை சொன்னார், ஊர் ஊராகப் பேசினார். 2022-இல், 91 வயதில் மறைந்தார்.

சரி, அந்தக் கம்பளி எவ்வளவு தடித்திருக்கிறது? ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலை மேல் 1958 முதல் காற்றை அளந்து வருகிறார்கள். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. மெழுகுவர்த்திப் பேச்சு நடந்த ஆண்டில் சுமார் 350. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் பிறந்த ஆண்டில் எவ்வளவு? கணினி வகுப்பில் தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.