நியூயார்க்குக்குக் குறுக்கு வழி எது?

மாணவர்களே, சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஓர் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு இந்தியப் பெருங்கடல், சகாரா பாலைவனம், அட்லாண்டிக் என்று போகும். இப்போது உலக உருண்டையை எடுத்து, அதே இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகிறதா?

நூல்தான் சரி. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தைப் பெருவட்டம் என்பார்கள். இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் அந்த வட்டத்தின் ஒரு வில்.

சாங்கி விமான நிலையம் கிழக்கே 104 பாகை தீர்க்கரேகையில் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. இது 180 ஆக இருந்தால் பாதை துருவத்தின் உச்சி மேலேயே போகும். இரண்டு பாகைதானே குறைவு! ஆகவே தூரத்தை நாமே கணக்கிடலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.4 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. கென்னடி வடக்கு 40.6, துருவத்திலிருந்து அதற்கு 49.4. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 15,318 கிலோமீட்டர். கணினி சொல்வது ஏறக்குறைய 15,350. மோசமில்லை!

ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நியூயார்க் செல்லும்போது வழக்கமாக இந்தக் குறுக்கு வழியில் போவதில்லை. ஜப்பான் பக்கமாகப் போய், வடக்குப் பசிபிக்கைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகவும் பறக்கிறது. ஏன்?

காற்றுதான் காரணம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறுபோல் ஓடுகிறது ஜெட் காற்றோட்டம். வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிக வலுவாக இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத துருவ வழியில் 15,300 கிலோமீட்டர் செல்ல 17 மணி நேரம் ஆகும். பசிபிக் வழி 16,500 கிலோமீட்டர். ஆனால் பின்னாலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று தள்ளினால் பதினாறரை மணி நேரமே போதும். (உண்மையில் காற்று வழி முழுவதும் இப்படி உதவாது. பயணம் 18 மணி நேரத்தைத் தாண்டும்.)

அரை மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். அது சில டன் எரிபொருள். இந்தப் பயணத்துக்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைப்பதற்காக அதில் 161 இருக்கைகள்தான் உள்ளன.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஜனவரியில் நியூயார்க் நேரம் நமக்கு 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு இங்கிருந்து கிளம்பி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால் அங்கே இறங்கும்போது மணி என்ன?

திங்கட்கிழமை விடியற்காலை 5.30.